அப்பாவின் நாரி ஒப்பரேசனுக்கு ஓம் சொல்லலாமா?

கேள்வி: விசுவமடுவிலிருந்து ஒரு வாசகர், 04.02.2024

அப்பாவுக்கு 58 வயது. கார்த்திகைக் கடைசியில் உர மூட்டை தூக்கும்போது நாரியில் பிடித்தது. நாரி நோ ஒரு கிழமையில் குறைந்துவிட்டது. ஆனால் வலப் பக்கம் குண்டியில் தொடங்கி, முழங்காலுக்குக் கீழே இறங்கி, பெருவிரல் வரை இழுக்கிறது. இரவில் நித்திரை இல்லை. கிளினிக்கில் எம்.ஆர்.ஐ எடுக்கத் திகதி தந்திருக்கிறார்கள். ஒப்பரேசன் தேவைப்படலாம் என்றும் சொன்னார்கள். பக்கத்து வீட்டு மாமா, செய்தால் 15 நாளில் வயலுக்குள் இறங்கலாம் என்கிறார். பெரியம்மா, நாரியில் கத்தி வைத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று அழுகிறா. அப்பா ஒன்றும் பேசுகிறார் இல்லை. யாரை நம்புவது?

பதில்: வட்டக்கச்சியிலிருந்து, 04.02.2024, இரவு 9.20

இரண்டு பேர் சொன்னதையும் அப்படியே எடுக்க வேண்டாம் தம்பி. 2017 இல் எனக்கும் இதே நோ, இதே பயம். ஒப்பரேசனுக்குத் திகதி வாங்கி, பிறகு செய்யாமல் விட்டவன் நான். என் அக்கா செய்துகொண்டவ. இரண்டு பேருக்கும் நல்லபடியாகத்தான் முடிந்தது.

வெட்டு மெசின் வயலுக்குள் நிற்கிறது. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். அதற்கிடையில் ஒன்று பாருங்கள்: அப்பா முன்பாதத்தைத் தூக்கிக்கொண்டு குதிக்காலால் 10 அடி நடக்கிறாரா?

05.02.2024

நடக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. கிழமைக்கு இரண்டு தரம் அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

"டிஸ்க் விலகிவிட்டது" என்று ஊரில் சொல்வோம். உண்மையில் எதுவும் விலகுவதில்லை. முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க்கை நுங்கு மாதிரி நினையுங்கள். சுற்றிவர வலுவான நார், உள்ளே களி. நார் வெடித்தால் களி பிதுங்கும். பிதுங்கும் இடத்துக்குப் பக்கத்தால்தான் காலுக்குப் போகும் நரம்பின் வேர் இறங்குகிறது. களி அதை நெரிக்கும், நெரிப்பதோடு நில்லாமல் எரிச்சலையும் வீக்கத்தையும் உண்டாக்கும்.

நாரியில் 5 முள்ளெலும்புகள், எல் 1 முதல் எல் 5 வரை. அதற்குக் கீழே எஸ் 1. காலை இழுக்கிற பிதுங்கலில் மிகப் பெரும்பாலானவை கடைசி இரண்டு இடைவெளிகளில்தான் வருகின்றன. எல் 4 – எல் 5 இல் பிதுங்கினால் வழக்கமாக எல் 5 நரம்பு மாட்டும். அப்போது நோ காலின் வெளிப்பக்கத்தால் பெருவிரலுக்குப் போகும், பாதத்தை மேலே தூக்கும் பலம் குறையும். எல் 5 – எஸ் 1 என்றால் பின்கெண்டை, பாதத்தின் வெளிவிளிம்பு, சின்னவிரல் என்று இறங்கும், நுனிக்காலில் எழும்புவது கஷ்டம். அப்பாவின் நோ பெருவிரல் வரை என்று நீங்கள் எழுதியதால்தான் குதிக்கால் நடையைக் கேட்டேன்.

நோவது கால், பிழை இருப்பது நாரியில். இரணைமடுக் குளத்துத் துருசில் (மதகில்) அடைப்பு என்றால் கடைசி வாய்க்கால் வயல்தான் முதலில் காயும். அந்த வயலைக் கிண்டி என்ன பயன்? நான் இரண்டு மாதம் கெண்டைக்காலுக்கு நோவெண்ணெய் பூசினேன்.

இதை அப்பாவுக்கு மெதுவாக விளங்கப்படுத்துங்கள்: டிஸ்க் ஒப்பரேசன் செய்வது கால் நோவுக்கு. நாரி நோவைப் போக்குவதற்கு அல்ல. நாரியில் சிறு கீறல் போட்டு, பின்பக்க எலும்பில் கொஞ்சமும் சவ்வும் எடுத்து, நரம்பை மெல்ல ஒதுக்கி, பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பார்கள். மிச்ச டிஸ்க் அங்கேயே இருக்கும். பிதுங்கிய டிஸ்க்தான் காலை இழுக்கிறது, அதை எடுத்தால் கால் ஆறும் என்று மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1934 இல் எழுதியதிலிருந்து அடிப்படை இதுதான். பிறகு கீறல் சின்னதாகியது, நுணுக்குக்காட்டி வந்தது.

நாரி நோ போகும் என்று நினைத்துச் செய்துவிட்டு, கால் சுகமான பிறகும் ஒப்பரேசன் பிழைத்துவிட்டது என்று சொல்லித் திரிகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் இதை முதலே யாரும் சொல்லியிருக்கவில்லை.

06.02.2024

என் கதை. 2017 சிறுபோகத்தில் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் சேற்றில் புதைந்தது. பின்னால் நின்று தூக்கினேன். அன்று இரவு நாரி, மூன்றாம் நாள் இடக்கால். எல் 5 – எஸ் 1.

முதல் மூன்று கிழமை பாயோடு கிடந்தேன். அது பெரிய பிழை. தாங்க முடியாத நோ என்றால் ஒரு நாள், இரண்டு நாள் படுக்கலாம். அதற்கு மேல் கிடந்தால் தசை இளகி, எழும்பும்போது இன்னும் நோகும். பிசியோ பிள்ளை ஒருத்திதான் என்னை எழுப்பி வீட்டு முற்றத்தில் நடக்க வைத்தா. முதல் நாள் கிணற்றடி வரை. ஒரு கிழமையில் படலை வரை. நோ பாதத்திலிருந்து மேலே ஏறி நாரிக்குத் திரும்பினால் நல்ல குறி என்று அவதான் சொன்னா. ஒன்பதாம் கிழமை அப்படியே நடந்தது. சத்திரசிகிச்சை நிபுணர் காலைத் தூக்கிப் பார்த்தார், பலத்தைப் பார்த்தார், "இன்னும் ஒரு மாதம் பொறுப்போம்" என்றார். நாலாம் மாதம் நான் வயலுக்குப் போனேன். பிதுங்கிய களியை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். அதிகமாக வெளியே வந்த துண்டு கரைவதற்குத்தான் கூடுதல் வாய்ப்பு என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மருத்துவபீடத்தில் படிக்கிற என் மருமகன் அப்போது ஒரு நெதர்லாந்து ஆய்வைக் காட்டினான். 2007 இல் வெளிவந்தது. 6 முதல் 12 கிழமை வரை கடும் கால் நோ இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பகுதிக்கு உடனே ஒப்பரேசன், மற்றப் பகுதி பொறுத்திருந்து, தேவைப்பட்டால் செய்வது. உடனே செய்தவர்கள் ஏறத்தாழ 4 கிழமையில் சுகம் கண்டார்கள், பொறுத்தவர்களுக்கு 12 கிழமை. ஆனால் ஒரு வருட முடிவில் இரண்டு பக்கத்திலும் 100 க்கு 95 பேர் தேறியிருந்தார்கள். பொறுத்தவர்களில் 100 க்கு 39 பேர் அந்த வருடத்துக்குள்ளேயே ஒப்பரேசன் செய்துகொண்டதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். நோ தாங்க முடியாதவருக்கு அந்த 8 கிழமை பெரிய விசயம். பலம் குறையாமல், நித்திரை கொஞ்சமாவது வருகிறவருக்குப் பொறுப்பதால் நட்டமில்லை.

07.02.2024, விடிய 4.30

நித்திரை வரவில்லை. நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தேன். பொறு, பொறு என்றுதான் கேட்கிறது. அது முழுமையில்லை, திருத்தி எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒருவர் இப்படித்தான் பொறுத்தார். ஒரு நாள் சைக்கிள் சீற்றில் படுகிற இடம் முழுக்க மரத்துப் போனது. சலம் போக முக்கினார், போகவில்லை. சூடு பிடித்திருக்கிறது என்று வீட்டில் இரண்டு நாள் இளநீர் கொடுத்தார்கள். யாரோ வந்து நாரியை வழித்தும் விட்டார். மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரி. ஒப்பரேசன் செய்தார்கள், நடக்கிறார். ஆனால் இன்றுவரை சலத்துக்குக் குழாய்தான்.

நாரியின் அடியில் எல்லா நரம்பு வேர்களும் குதிரை வால் மாதிரிக் கொத்தாகத் தொங்குகின்றன. பெரிய பிதுங்கல் அந்தக் கொத்தையே நெரித்தால் இதுதான் நடக்கும். தொடையிடுக்கு, மலவாயைச் சுற்றி மரத்தல். சலம் அடைத்தல், அல்லது தெரியாமல் போதல். மலம் அடக்க முடியாமை. இரண்டு காலும் சேர்ந்து பலம் குறைதல். இதில் ஒன்று வந்தாலும் கிளினிக் திகதி பார்க்க வேண்டாம், விடியட்டும் என்று இருக்கவும் வேண்டாம். 1990 க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். இது மணித்தியாலக் கணக்கு. 48 மணித்தியாலம் தாண்டினால் போன சலக்கட்டுப்பாடு திரும்புவது சந்தேகம்.

நோவோடு காய்ச்சல், காரணமில்லாமல் மெலிதல், முன்பு புற்றுநோய் இருந்தது, படுத்தாலும் குறையாத இரவு நோ என்றால் அது வேறு வழக்கு. காசநோய் முள்ளந்தண்டிலும் வரும். உடனே காட்ட வேண்டும்.

09.02.2024

பெரியம்மாவின் அழுகையைச் சின்ன விசயமாக எடுக்காதீர்கள். வன்னியில் முள்ளந்தண்டு என்றதும் கண்முன் வருவது சக்கர நாற்காலிதான். மாங்குளத்தில் உயிரிழை என்று முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான அமைப்பே இருக்கிறது. போரில் செல்லடியும் சன்னமும் எத்தனை பேரின் காலை எடுத்தது என்று பார்த்த தலைமுறை நாங்கள்.

ஆனால் அங்கே காயப்பட்டது முள்ளந்தண்டு வடம். அந்த வடம் எல் 1, எல் 2 மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அப்பாவின் பிரச்சினை அதற்கும் கீழே, தனித்தனி நரம்பு வேர்கள் இருக்கும் இடத்தில். அங்கே ஒப்பரேசன் செய்து இரண்டு காலும் விளங்காமல் போவது மிக அரிது. ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. நரம்பைச் சுற்றிய சவ்வு கிழிந்து நீர் கசியலாம், கிருமி தொற்றலாம், காலில் இரத்தம் கட்டலாம், ஒரு நரம்பு காயப்படலாம். பெரியம்மாவைப் பக்கத்தில் இருத்தி, ஒரு படம் கீறிக் காட்டிச் சொல்லுங்கள்.

12.02.2024

நெடுங்கேணி அக்கா கேட்டது: அம்மாவுக்கு 70 வயது, 50 யார் தூரம் நடந்தால் இரண்டு காலும் கனத்து, உட்கார வேண்டிவருகிறது, ஆனால் சந்தைக்குச் சைக்கிளில் போய் வருகிறா. அம்மா நடிக்கிறா என்று வீட்டில் சிரிக்கிறார்களாம். இங்கே கீழே கருத்து எழுதிய இரண்டு பேர் அந்தச் சைக்கிளை வைத்துப் பகிடியும் விட்டிருக்கிறார்கள்.

அம்மா சொல்வது உண்மை அக்கா. வயதோடு எலும்பும் சவ்வும் தடித்து நரம்பு போகும் கால்வாய் ஒடுங்குகிறது. நிமிர்ந்து நடக்கும்போது இன்னும் ஒடுங்கும். முன்னால் குனிந்தால் விரியும். சைக்கிளில் கைபிடியைப் பிடித்துக் குனிந்து இருப்பதால்தான் நோவில்லை. காலுக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்தாலும் நடக்கக் கால் கனக்கும், ஆனால் அது சைக்கிள் மிதித்தாலும் நோகும், சும்மா நின்றாலே குறையும். இந்த வித்தியாசத்தை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

என் அக்காவுக்கு இதுதான். 2018 தை மாதம், 66 வயதில் செய்தா. கால்வாயின் பின்பக்க எலும்பை எடுத்து இடம் விடுகிற ஒப்பரேசன். அந்த வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்க் கோயில் வீதியை நடந்தே சுற்றினா. விடியக் காலையில் நாரி இறுக்கம் இன்றும் இருக்கிறது. அது இருக்கும் என்று முதலே சொல்லியிருந்தார்கள், அதனால் அவவுக்குக் குறையில்லை.

18.02.2024

தம்பி, நேற்று நீங்கள் எழுதியதில் ஒரு வரி: "அப்பா 2009 இல் காயப்பட்டவர், உடம்பில் இன்னும் பீஸ் இருக்கிறது." இதைக் கிளினிக்கில் சொன்னீர்களா? எம்.ஆர்.ஐ என்பது பெரிய காந்தம். செல் பீஸ், அதாவது வெடித்த செல்லின் துண்டு, பெரும்பாலும் இரும்பு. சொல்லாமல் உள்ளே போகக் கூடாது. முதலில் எக்ஸ்ரே எடுத்து எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

19.02.2024

நேற்று அவசரத்தில் எழுதியதை வாசித்து, பீஸ் இருந்தால் எம்.ஆர்.ஐ எடுக்கவே முடியாது என்று ஒருவர் விளங்கிக்கொண்டிருக்கிறார். அப்படி இல்லை. கண்ணுக்குள், மூளையில், முள்ளந்தண்டு வடத்துக்குப் பக்கத்தில், பெரிய இரத்தக்குழாயை ஒட்டி இருந்தால் ஆபத்து. தசைக்குள் பல வருடம் தழும்போடு இறுகிப்போன துண்டு என்றால் பல நேரம் எடுக்க விடுவார்கள். சூடு தெரிந்தால் உடனே பெல்லை அமத்தச் சொல்வார்கள். முடிவு கதிரியக்க நிபுணருடையது. முடியாது என்றால் சி.டி ஸ்கேன் இருக்கிறது.

காயத்தைப் பற்றிச் சொல்ல எங்கள் ஆட்கள் பலர் தயங்குவது எனக்குத் தெரியும். ஏன், எப்போது, எப்படி என்று அங்கே யாரும் விசாரிக்கப் போவதில்லை. இரும்பு எந்த இடத்தில் என்பதுதான் அவர்களுக்குத் தேவை. அதை மட்டும் சொன்னால் போதும்.

03.03.2024

எக்ஸ்ரேயில் பீஸ் இரண்டும் இடத் தோளில் என்றதும் எம்.ஆர்.ஐ எடுக்க விட்டார்கள் என்பது நிம்மதி. இனி அறிக்கை. தேய்வு, பிதுங்கல், வெடிப்பு என்று 5 இடத்துக்கும் எழுதியிருப்பதைப் பார்த்து வீடே பயந்துவிட்டது என்கிறீர்கள். 2015 இல் வந்த ஒரு தொகுப்பாய்வு: நாரி நோவே இல்லாத ஆட்களைப் படம் எடுத்தால், 20 வயதில் 100 க்கு 37 பேருக்கு டிஸ்க் தேய்வு இருக்கிறது, 50 வயதில் 80 பேருக்கு, 80 வயதில் 96 பேருக்கு. 50 வயதில் 60 பேருக்குப் பிதுங்கலும் இருக்கிறது. தலைமயிர் நரைப்பது மாதிரித்தான்.

ஆகவே அறிக்கையில் தேட வேண்டியது ஒன்றே ஒன்று. வலப்பக்கம், எல் 4 – எல் 5, எல் 5 நரம்பு வேர். இருக்கிறது என்று அனுப்பியிருக்கிறீர்கள். காலும் படமும் ஒரே கதையைச் சொல்கின்றன. அப்படிப் பொருந்தினால்தான் ஒப்பரேசனால் பயன். பொருந்தாவிட்டால் எந்தக் கெட்டிக்காரர் செய்தாலும் கால் சுகப்படாது.

05.03.2024

நிபுணரைப் பார்க்கப் போகும்போது ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். நான் முதல் தரம் வெறுங்கையோடு போனேன். மூன்று நிமிடத்தில் வெளியே வந்தேன், கேட்க நினைத்தது ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கிளினிக்கில் அன்று யாரும் எனக்கு ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை, அந்த மனவருத்தம் இன்னும் இருக்கிறது. இரண்டாம் தரம் மகள் எழுதித் தந்தா. எந்த நரம்பு? செய்யாவிட்டால் என்ன நடக்கும்? களியை மட்டும் எடுப்பதா, ஆணி பூட்டுவதா?

அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். இரண்டு முள்ளெலும்பை ஆணி, கம்பியால் பூட்டி ஒன்றாக்குவது வேறு ஒப்பரேசன், பெரியது. எலும்பு ஒன்றன் மேல் ஒன்று வழுக்கினால், அசைவு கூடினால், அதற்கு இடமுண்டு. சாதாரண முதல் பிதுங்கலுக்கு அது வழக்கமாகத் தேவையில்லை. வெறும் நாரி நோவுக்குப் பூட்டுவதைவிட ஒழுங்கான பயிற்சி பெரிதாகக் குறைந்ததல்ல என்றும் ஆய்வுகள் இருக்கின்றன. பூட்டுவது என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள், ஆணியை வெளியே வாங்க வேண்டுமா என்றும் கேளுங்கள். அப்பா சுருட்டுப் பிடிப்பதை மறைக்க வேண்டாம். புகைக்கிறவரின் எலும்பு ஒட்டுவது கடினம், காயமும் ஆறப் பிந்தும். சீனி வருத்தம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு மாமாவின் 15 நாள் பற்றி: 15 நாளில் நடப்பார், வயல் வரம்பில் நின்று பார்ப்பார். மூட்டை தூக்குவது மாதக் கணக்கு. எடுத்த இடத்திலேயே திரும்பப் பிதுங்குவது 100 க்கு 5 முதல் 15 பேருக்கு நடக்கிறது.

குளிசை பற்றி ஒரு வார்த்தை. டைக்ளோபெனாக் என்ற நோக்குளிசையைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் போடுவது வன்னியில் சாதாரணமாகிவிட்டது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். இரத்தம் சோதிக்காமல் அதைத் தொடர வேண்டாம்.

10.03.2024

பெல்ட் கேட்ட தம்பிக்கு: பஸ்ஸில் தூரம் போகும்போது கட்டலாம், நாள் முழுக்கக் கட்டினால் தசை சோம்பிவிடும். நோவெண்ணெய் இதமாக இருந்தால் பூசுங்கள், ஆனால் முள்ளந்தண்டை ஏறி மிதிக்க, முறுக்க யாரையும் விட வேண்டாம். குந்தி இருக்கும் மலசலகூடம்தான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. நடுவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்ரிக் கதிரை ஒன்று செய்தோம். அது இன்னும் வீட்டில் இருக்கிறது.

14.03.2024, பகல்

தம்பி, இப்போதுதான் பார்த்தேன். "அப்பா நடக்கும்போது வலக்கால் செருப்பு கழன்று விழுகிறது, அவருக்குத் தெரிவதில்லை, ஆனால் நோ குறைந்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். நோ குறைந்ததைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். நரம்பு செத்துக்கொண்டு வந்தாலும் நோ குறையும். குதிக்காலால் நடக்கச் சொல்லிப் பாருங்கள். கிளினிக் திகதி 26 ஆம் திகதி வரை காத்திருக்க வேண்டாம். படத்தையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே போங்கள்.

16.03.2024

பாதம் தூக்க முடியவில்லை, பெருவிரலிலும் பலமில்லை, இந்தக் கிழமையே செய்வோம் என்று சொல்லிவிட்டார்கள். சரி. பெப்ரவரியில் கேட்டபோது பொறுங்கள் என்றுதான் சொன்னேன். இன்று செய்யுங்கள் என்கிறேன். பலம் குறைந்துகொண்டு போகும்போது என் கதையும் அக்காவின் கதையும் உங்களுக்குப் பொருந்தாது.

கொப்பியில் இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: பாதப் பலம் எவ்வளவு திரும்பும்? கால் நோ மயக்கம் தெளியும்போதே விட்டிருக்கக்கூடும். பலம் அப்படி இல்லை, மாதங்கள் எடுக்கும், முழுதாக வராமலும் போகலாம். அதை அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் பேசாமல் இருப்பது விளங்காமல் இல்லை என்று நினைக்கிறேன். காலபோக நெல் விற்ற காசு, பெரிய கடன், சிறுபோகத்துக்கு ஆர் இறங்குவது என்று அவருக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

18.03.2024, இரவு

அப்பா உங்களிடம் கேட்ட ஒரே கேள்வி, "திரும்பி வரும்போது பஸ்ஸில் இருக்க ஏலுமோ" என்பதுதானாம். ஏலும், ஆனால் வான் நல்லது. முன் சீற்றைச் சாய்த்துவிட்டு, ஆனையிறவில் ஒரு தரம், பரந்தனில் ஒரு தரம் இறங்கி 5 நிமிடம் நடக்க வையுங்கள்.

ஆண்கள் வாட்டில் இரவில் பக்கத்தில் நிற்க ஆள் தேவைப்படும். உங்களுக்கு வேலை, உங்கள் தம்பிக்குப் பரீட்சை. எனக்கு அறுவடை முடிந்துவிட்டது. புதன் விடிய 5 மணிக்குப் பரந்தன் சந்தியில் நிற்பேன், ஏற்றிக்கொண்டு போங்கள். ஓட்டைக் கதிரையையும் கொண்டு வருகிறேன்.